காணாமல்போன மூன்றாம் மணித்தியாலம்

அத்தியாயம் 6

மாப்பிள்ளைக்கு மூக்கு இல்லை.

மூக்கு மட்டுமல்ல. திரையில் அவன் தலையைத் திருப்பும்போதெல்லாம் கன்னமும் நாடியும் சதுரம் சதுரமாகப் பெயர்ந்து, ஒரு நொடி கழித்துத்தான் பழைய இடத்துக்கு வந்து ஒட்டிக்கொண்டன. பக்கத்தில் இருந்த மணப்பெண் பச்சைச் சாரி கட்டிய ஒரு கலங்கல். விருந்தினர்கள் நடமாடத் தொடங்கினால் மண்டபமே புழுங்கல் அரிசி கொட்டியதுபோல் ஆகிவிட்டது.

"மிஸ், கலியாணத்துக்கு ஆக்கள் வந்தவங்களா, இல்ல ஆளுக்கொரு மாபிள் கல்ல அனுப்பி வெச்சவங்களா?" என்றான் குணம்.

கைருன்னிஸா சிரிக்கவில்லை. அவளைச் சிரிக்கவைக்க முடியும் என்ற நம்பிக்கையைக் குணம் கைவிட்டு வருடம் மூன்றாகிறது. இருந்தாலும் பகிடியை நிறுத்தவில்லை. காரைதீவில் அவன் வைத்திருந்த படக் கசட், டிஸ்க் கடையைக் கடல் கொண்டுபோன பிறகு எஞ்சியது ஓர் ஓட்டோவும் அந்த வாயும்தான். இரண்டையும் கைருன்னிஸாவின் வேலைக்குக் கொடுத்திருந்தான்.

அவள் வேலை துப்புத் துலக்குவது. முன்பு கல்முனையில் ஒரு காப்புறுதிக் கம்பனியில் இழப்பீட்டுக் கோரிக்கைகளை விசாரித்தாள். சுனாமி வந்து போன கிழமையில், எல்லாம் இழந்தவர்கள் பள்ளிக்கூடத்துத் தரையில் வாய்பேசாமல் படுத்துக் கிடந்தபோது, கடலைக் கண்ணால் காணாத தூரத்தில் வீடு வைத்திருந்தவர்கள் கிணற்றுத் தண்ணீரில் நனைத்த மெத்தைகளைத் தூக்கிக்கொண்டு அவளுடைய மேசைக்கு வரிசையில் வந்தார்கள். அன்றைக்குப் பிடித்தது மனிதர்மேல் இளக்காரம். வேலையை விட்டாள், இளக்காரம் விடவில்லை.

"இதுதான் சாச்சா மத்தியஸ்த சபைக்குக் குடுத்த டிஸ்க்கா, புள்ள?" என்று கேட்டாள் கைருன்னிஸா.

"ஓம் மிஸ். எனக்கும் ஒரு கொப்பி தந்தவங்க," என்றாள் ஹுஸ்னியா.

கதிரையின் நுனியில் உட்கார்ந்திருந்த அந்தப் பெண்ணின் கதை நேற்றே கைருன்னிஸாவுக்குத் தெரிந்துவிட்டது. இரண்டாயிரத்து நான்காம் ஆண்டு மார்கழியில் அவளுக்கு மூத்தவளான ராத்தாவுக்குக் கலியாணம். அடுத்த நாள் காலையில் வந்த சுனாமியில் வாப்பா, உம்மா, ராத்தா, மச்சான் எல்லோரும் கடற்கரை வீட்டோடு போனார்கள். முதல் நாள் மண்டபம் முடிந்ததுமே, இரவல் வாங்கிய பிரியாணிக் கிடாரங்களைத் திருப்பிக் கொடுக்க மாமியோடு சம்மாந்துறைக்கு அனுப்பப்பட்டு அங்கேயே தங்கிவிட்ட ஹுஸ்னியா மட்டும் மிஞ்சினாள். வயல் ஓரமாக வாப்பாவுக்கு ஒரு வளவுக் காணி இருந்தது. அதில் தகரக் கொட்டில் போட்டு மாமியோடு இருந்துவருகிறாள்.

யுத்தம் நடந்த காலமெல்லாம் அந்த வளவை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. இந்த வைகாசியில் யுத்தம் முடிந்தது. காணிக்கு உயிர் வந்தது. காணிக்கு உயிர் வந்ததும் வாப்பாவின் தம்பி, சாச்சா மீராமுகைதீனுக்கு ஞாபகசக்தி வந்தது. கலியாண மண்டபத்தில், ஊர் முன்னிலையில், தன் காக்கா, அதாவது ஹுஸ்னியாவின் வாப்பா, அந்த வளவைத் தனக்குத் தந்ததாக அவர் சபையில் முறையிட்டார். அதற்குச் சாட்சி இந்த டிஸ்க். இன்று அஸர் தொழுகைக்குப் பிறகு சபை கூடுகிறது.

திரையில் வாப்பாவின் கட்டம் வந்தது. வெள்ளைச் சாரம், கக்கத்தில் ஒரு மஞ்சள் குடை. முகம் கலங்கினாலும் குரல் தெளிவாக இருந்தது.

"வயல் ஓரத்து வளவை என்ட தம்பி மீராமுகைதீன்ட கையில ஒப்படைக்கிறன். எல்லாரும் கேட்டுக்கொள்ளுங்க."

"கலியாண மண்டபத்துக்குள்ள என்னத்துக்குக் குடை?" என்றான் குணம்.

"வாப்பா குடையில்லாம எங்கயும் போகமாட்டார்," என்றாள் ஹுஸ்னியா. பிறகு மெதுவாகச் சொன்னாள். "இந்தக் கசட் மிஞ்சிக் கிடக்கு எண்டே எனக்குத் தெரியாது மிஸ். இஹ்ஸான்ட ஸ்டுடியோவும் அப்ப கடக்கரையிலதானே. எல்லாம் போயிட்டெண்டு நினைச்சன். எங்கட ஆக்கள்ட ஒரு போட்டோவும் எங்கிட்ட இல்ல. இதிலயாவது உம்மாட முகத்தைப் பாப்பம் எண்டா..."

உம்மா திரையின் ஓரத்தில் ஒரு தட்டோடு போய்க்கொண்டிருந்தாள். ஆறு சதுரம், ஒரு முக்காடு.

படம் முடிந்தது. குணம் டிஸ்க்கை வெளியே எடுத்துத் துடைக்கப் போனான். கைருன்னிஸா அதை வாங்கி யன்னல் வெளிச்சத்தில் சரித்துப் பார்த்தாள். மேலே பூப்போட்ட தாளில் 'முழுமையான திருமணப் பதிவு – இஹ்ஸான் டிஜிட்டல்' என்றும், அடியில் கடை முகவரியும் இந்த வருடமும் இருந்தன. அடிப்பக்கம் ஊதா நிறம். நடுவிலிருந்து ஒரு தூரம்வரை நிறம் சற்றே மங்கி, பிறகு ஒரு கோடு. அதற்கு வெளியே சுண்டுவிரல் அகலத்துக்குப் புத்தம் புதிய பளபளப்பு.

"இது என்ன குணம்?"

"நடுவில இருந்து வெளிய பாத்துத்தான் டிஸ்க்கில எழுதுபடும் மிஸ். மங்கினது எழுதின இடம். மினுங்கிறது சும்மா கெடக்கிற இடம்."

"விரலளவுதானே?"

"வெளி வட்டம் பெரிசெல்லோ? பாக்கத்தான் விரலளவு. டிஸ்க்கில மூண்டில ஒரு பங்குக்குக் கூடவே அதுக்குள்ள கொள்ளும்."

"மூண்டில ஒரு பங்குக்கு மேல இடம் சும்மா கிடக்க, படத்துக்கு ஏன் இவ்வளவு பஞ்சம்?"

குணம் டிஸ்க்கை வாங்கி உறைக்குள் போட்டான்.

"எடுங்க ஓட்டோவ," என்றாள் கைருன்னிஸா.

*

சந்திச் சோதனைச் சாவடியில் சிப்பாய் ஒருவன் ஓட்டோவின் இருக்கைக்குக் கீழே எட்டிப் பார்த்துவிட்டு, பல்லெல்லாம் தெரியச் சிரித்துக் கையை அசைத்தான். போன மாதம்வரை இறக்கி நிறுத்தி அடையாள அட்டை கேட்டவன்.

"யுத்தம் முடிஞ்சதில இருந்து இவங்களுக்குச் சிரிப்பும் ரேசன்ல குடுக்கிறாங்க போல," என்றான் குணம்.

இஹ்ஸானின் ஸ்டுடியோ இப்போது பிரதான வீதியில் இருந்தது. 'புதிய இடத்தில்! புதிய தரத்தில்!' என்று பலகை கூவியது. கண்ணாடிக்குப் பின்னால் ஆளுயரத் தொலைக்காட்சி ஒன்று, போகிறவர் வருகிறவரை இழுக்க விளம்பரப் படம் ஓட்டிக்கொண்டிருந்தது. மலர்கள், மோதிரங்கள், அலைகள், காற்றில் பறக்கும் முந்தானை. அடியில் புதிய கடையின் முகவரி. குணம் வாயைப் பிளந்துகொண்டு அங்கேயே நின்றுவிட்டான்.

உள்ளே இஹ்ஸான் நல்ல வெயிலில் கோட்டுப் போட்டு இருந்தான். தலையில் பூசியிருந்த பசையில் ஈ உட்கார்ந்தால் எழும்பாது. பெயர் அட்டையில் 'இயக்குநர்' என்று போட்டிருந்தது. எதை இயக்குகிறான் என்று போடவில்லை.

"என்ட ஒரு மருமகளுக்குக் கலியாணம்," என்றாள் கைருன்னிஸா. "மூண்டு மணித்தியாலப் படத்தை ஒரு டிஸ்க்கில அடக்க ஏலுமா?"

"நீங்க சரியான ஆள்கிட்ட வந்திருக்கீங்க மேடம்." இஹ்ஸான் நிமிர்ந்தான். "டிஸ்க் கொள்ளுற அளவுதான் கொள்ளும். படம் நீள நீள, ஒரு செக்கனுக்குக் குடுக்கிற பங்கைக் குறைச்சுக்கொண்டு போகணும். அந்தப் பங்குக்குப் பேர்தான் பிட்ரேட். ஒரு மணித்தியாலப் படமா, அள்ளிக் குடுக்கலாம். ரெண்டு எண்டா அளந்து குடுக்கலாம். மூண்டு எண்டா கிள்ளித்தான் குடுக்கணும்."

"கிள்ளினா என்ன நடக்கும்?"

"முகம் கொஞ்சம் உடையும். அதாலதான் அளவு வைக்கத் தெரிஞ்ச ஆள் வேணும். கல்முனையில மத்தவனெல்லாம் மெசின் சொல்லுற நம்பரை அப்பிடியே அமத்துவான். பாதி டிஸ்க் வெறுமையாக் கிடக்கும், படம் நாறிக் கிடக்கும். நான் அப்பிடியில்ல. படத்துட நீளத்தைப் பாத்து, கல்குலேட்டர்ல பிரிச்சு நம்பர் வைப்பன். விளிம்பு மட்டும் நிரம்பும். ஒரு நகக்கண் இடம் வீணாப் போகாது. என்ட டிஸ்க் எதையும் பிரட்டிப் பாருங்க மேடம், அதிலயே தெரியும்."

"பிரட்டித்தான் பாத்தன்," என்று கைருன்னிஸா டிஸ்க்கை மேசையில் குப்புற வைத்தாள்.

இஹ்ஸான் அதைப் பார்த்தான். அடையாளம் தெரிந்த அந்த நொடியில் அவனுடைய கை தன்னியல்பாகத் தலைமயிரைத் தடவியது.

"ரெண்டு மணித்தியாலப் படம்," என்றாள் அவள். "ரெண்டுக்கு அளந்து குடுக்கலாம் எண்டு நீங்களே சொல்லுறீங்க. இதில கிள்ளிக் குடுத்திருக்கு. விளிம்பில மூண்டில ஒரு பங்குக்கு மேல சும்மா கிடக்கு. நகக்கண் இடம் வீணாக்காத மனுசன், விரலளவு இடத்தை என்னத்துக்கு வெறுமையா விட்ட?"

"அது... பழைய காலத்து வேலை மேடம். கைப்பழக்கம் இல்லாத நேரம்..."

"தாளில இந்த வருசம் அடிச்சிருக்கு."

இஹ்ஸான் டிஸ்க்கை எடுத்து மேல்பக்கம் திருப்பினான்.

"நான் சொல்லட்டா? நீங்க கல்குலேட்டரை எடுத்த நேரம் இந்தப் படம் மூண்டு மணித்தியாலம் ஓடியிருக்கு. மூண்டுக்குத்தான் நம்பர் வெச்சீங்க. அதுக்குப் பிறகு ஒரு மணித்தியாலம் காணாமப் போயிருக்கு."

"இல்ல மேடம், அப்பிடியெல்லாம் இல்ல. நம்பர் பிழைச்சிட்டு."

பொய்யைக்கூடச் சொந்தமாகத் தைக்கத் தெரியாதவன் என்று கைருன்னிஸா நினைத்துக்கொண்டாள். வாசல் பக்கம் திரும்பி, "குணம், உங்கட கடையில மூண்டு மணித்தியால டிஸ்க் இருந்ததா?" என்று கேட்டாள்.

"ஐயோ, ராக்கை நிறைய," என்று கண்ணாடியை விட்டுக் கண்ணெடுக்காமல் சொன்னான் குணம்.

"அதிலயெல்லாம் ஆக்களுக்கு மூக்கு இருந்ததா?"

"மூக்கும் இருந்த, மூக்கில மச்சமும் இருந்த."

"அப்ப மூண்டுக்குக் கிள்ளினதாலயும் இவ்வளவு மோசம் வராது." அவள் எழுந்தாள். "இஹ்ஸான்ட கமராதான் கூடாத கமரா போல. எடுத்தவருக்கும் எடுக்கத் தெரியல்ல. வாங்க குணம், வேற ஸ்டுடியோ பாப்பம்."

இஹ்ஸான் கதிரையிலிருந்து துள்ளி எழுந்தான். முகம் சிவந்துவிட்டது.

"என்ட கமராவில பிழை சொல்லாதீங்க மேடம்! மொத்த அளவைத்தான் நான் வைக்கிற. உள்ளுக்குப் பங்கு பிரிக்கிறது மெசின். சும்மா இரிக்கிற ஆளுக்குக் கொஞ்சமாக் குடுக்கும், அசையிறதுக்குக் கூடக் குடுக்கும். கடலைக் காட்டினா ஒவ்வொரு அலையும் வாயைத் திறந்து கேக்கும். மண்டபத்துக்குரிய பங்கையும் கடல் திண்டு முடிச்சா நான் என்ன செய்யிற?"

வெளியே பஸ் ஒன்று ஹோர்ன் அடித்துக்கொண்டு போனது.

"கடலா?" என்றாள் கைருன்னிஸா. "இந்த டிஸ்க்கில கடல் எங்க இரிக்கி?"

இஹ்ஸான் மெல்ல உட்கார்ந்தான். இயக்குநர் உடைந்துபோக அதிக நேரம் எடுக்கவில்லை.

மண்டபம் முடிந்து அன்று பின்னேரம் மணமக்களைக் கடற்கரைக்குக் கூட்டிப்போய்ப் படம் எடுத்திருக்கிறான். ஹுஸ்னியாவையும் மாமியையும் தவிரக் குடும்பம் முழுக்க வந்திருக்கிறது. கசட்டுகளை அன்றிரவு உள்ளூரில் இருந்த தன் வீட்டுக்குக் கொண்டுபோனதால் அவை தப்பின. இந்த வருடம் மீராமுகைதீன் தேடி வந்து டிஸ்க் கேட்டார். முழுவதையும் ஒன்றில் அடக்கிக் கொடுத்தான். அவர் வீட்டில் போட்டுப் பார்த்துவிட்டு மறுநாளே திரும்பி வந்து, கடற்கரைப் பகுதி வேண்டாம், எடுத்துவிடு என்றிருக்கிறார்.

"படத்துட கடைசியிலதானே கடல் இரிக்கி. வாலை நறுக்கிட்டு அப்பிடியே திரும்ப எழுதிக் குடுத்தன். புதுசா அளவு வெச்சு மெசினை ஓட்டினா ஒரு நாள் வேலை மேடம்."

"புதுசா அளவு வெச்சிருந்தா டிஸ்க்கும் நிரம்பியிருக்கும், மூக்கும் வந்திருக்கும். நானும் இஞ்ச வந்திருக்கமாட்டன்," என்றாள் கைருன்னிஸா. ஒரு பெண்ணை நடுத்தெருவில் விடும் களவைக்கூட முழுதாகச் செய்ய இவனுக்குச் சோம்பல். "கடக்கரையில என்ன கதைச்சாங்க?"

"எனக்குத் தெரியா. நான் படத்தைத்தான் பாப்பன், கதையைக் கேக்கமாட்டன்."

"அந்தப் புள்ள நாலரை வருசமா உம்மாட போட்டோ ஒண்டில்லாம இரிக்கிற. கசட் இரிக்கி எண்டு ஒரு வார்த்தை சொல்ல உங்களுக்கு வாய் இல்லையா?"

"கேட்டு வந்தாத்தானே குடுக்கலாம்?"

கைருன்னிஸா அவனை நின்று நிதானமாகப் பார்த்தாள். காப்புறுதி மேசையில் நனைத்த மெத்தைகளைப் பார்த்த அதே பார்வை.

"அந்தக் கசட் எங்க?"

"இல்ல மேடம்." இதற்கு மட்டும் அவன் தயாராக இருந்தான். "டிஸ்க் குடுத்த கையோட அதுக்கு மேல வேற கலியாணம் ஒண்டைப் பிடிச்சிட்டன். கொம்பியூட்டர்ல கிடந்ததையும் அழிச்சிட்டன். மீராமுகைதீன் காக்காதான் சொன்னவர். இனி அல்லாஹ்தான் காட்டணும்."

"மிஸ்," என்றான் குணம். "இஞ்ச ஒருக்கா வாங்க."

முதல் தடவையாக அவன் குரலில் பகிடி இருக்கவில்லை. கைருன்னிஸா கண்ணாடிக்கு வெளியே போய் நின்றாள். விளம்பரப் படம் மறுபடியும் முதலிலிருந்து ஓடியது. மலர்கள், மோதிரங்கள். பிறகு கடல். பின்னேரத்து வெயில் நேரே அலைகளில் விழ, பச்சைச் சாரி கட்டிய ஒரு மணப்பெண் முந்தானையைக் காற்றில் பறக்கவிட்டு நடந்தாள். சாரியின் கரைச் சரிகையில் ஒட்டிய மணலைக்கூட எண்ணலாம் போலிருந்தது. அவளுக்குப் பின்னால், வெகு தூரத்தில், வெள்ளைச் சாரம் கட்டிய ஒருவர் மஞ்சள் குடையை விரித்தார்.

கைருன்னிஸா உள்ளே வந்தாள்.

"நல்ல படம்," என்றாள்.

"நன்றி மேடம்," என்றான் இஹ்ஸான், யோசிக்காமல்.

"மணல் தெரியுது, சரிகை தெரியுது. கிள்ளிக் குடுத்த படத்தில இருந்து இது வராது. கசட்டில இருந்துதான் வரும். அதுக்கடியில புதுக் கடை முகவரி ஓடுது. நீங்க கடை மாறினது யுத்தம் முடிஞ்ச பிறகு. டிஸ்க் குடுத்தது கடை மாற முந்தி; தாளில இதுக்கு முந்தின கடை முகவரிதான் இரிக்கி. மேல வேற கலியாணம் பிடிச்ச கசட்டில இருந்து, மறுகா இந்தக் கடல் எப்பிடி வந்த?"

இஹ்ஸான் கதவைப் பார்த்தான். அங்கே குணம் சாய்ந்து நின்று பல்லுக்குத்திக்கொண்டிருந்தான்.

"அவ்வளவு நல்ல படத்தை அழிக்க உங்களுக்கு மனம் வரல்ல," என்றாள் கைருன்னிஸா. "அது எனக்கு விளங்குது. இப்ப நான் சொல்லுறதைக் கேளுங்க. இண்டைக்கு அஸருக்குப் பிறகு இந்த டிஸ்க்கை மத்தியஸ்த சபையில போடப் போறாங்க. ஊர்ப் பெரிய மனுசனெல்லாம் வருவான். மூக்கில்லாத மாப்பிள்ளையைப் பாப்பான். மறுகா தாளைப் பாப்பான். அதில உங்கட பேர் இரிக்கி. அடுத்த கலியாணத்துக்கு உங்களைத்தான் கூப்பிடுவானா?"

பொய் சொன்னான், துரோகம் செய்தான் என்று யாரும் சொன்னால் அவன் தாங்கிக்கொள்வான். மங்கலான படம் எடுத்தவன் என்ற பெயரைத்தான் தாங்கமாட்டான். அந்த முகத்தில் அந்தக் கணக்கு ஓடி முடியும்வரை அவள் காத்திருந்தாள்.

இஹ்ஸான் மேசை லாச்சியை இழுத்துத் திறந்து கசட்டை எடுத்தான்.

*

சபை ஒரு பாடசாலை வகுப்பறையில் கூடியது. தலைவர் அழகரெத்தினம் ஓய்வுபெற்ற தபாலதிபர். பேசுவதற்கு முன் தொண்டையைச் செருமி, பேசி முடித்தபின்னும் செருமுவார். மீராமுகைதீன் முன் வாங்கில் அத்தர் மணக்க உட்கார்ந்திருந்தார். ஓடும் சீமெந்தும் விற்கிறவர். சிரிப்பும் அந்தத் தரத்தில்தான்.

முதலில் அவருடைய டிஸ்க் ஓடியது. 'ஒப்படைக்கிறன்' என்ற சொல் வந்ததும் அவர் கண்களைத் துடைத்துக்கொண்டார்.

"காக்காட கடைசி வார்த்தை தலைவர் ஐயா. கேக்கிற நேரமெல்லாம் ஈரல் கருகுது. எனக்குக் காணி பெரிசில்ல. காக்காட சொல்லைக் காப்பாத்தணும்."

"கண்ணைத் துடைச்சது போதும், நாநா," என்றாள் கைருன்னிஸா. "தலைவர் ஐயா, இந்த டிஸ்க்கில முழுமையான பதிவு எண்டு போட்டிரிக்கி. இது முழுசில்ல. கடைசி ஒரு மணித்தியாலத்தை வெட்டியிருக்கு. வெட்டினவரே கசட்டோட வந்திரிக்கார்."

இஹ்ஸான் கமராவை நெஞ்சோடு அணைத்தபடி உள்ளே வந்தான். வயரைத் தொலைக்காட்சியில் செருகினான். மீராமுகைதீன் அவனைப் பார்த்தார். இஹ்ஸான் வயரை மட்டும் பார்த்தான்.

"இது என்ன தலைவர் ஐயா, கடக்கரையில சும்மா எடுத்த படம். காக்கா அங்க காணியைப் பத்தி ஒண்டும் கதைக்கல்ல!" என்று மீராமுகைதீன் எழுந்தார்.

"படம் என்ன எண்டு நாங்க இன்னும் சொல்லவே இல்ல," என்றாள் கைருன்னிஸா. "கடக்கரை எண்டு ஆரு சொன்ன?"

அழகரெத்தினம் செருமினார். "போடுங்க தம்பி."

கடல் வந்தது. உடையாத, கலங்காத, நுரையோடு கூடிய முழுக் கடல். கைருன்னிஸா அந்தக் கசட்டைப் பார்த்திருக்கவில்லை. பார்க்க நேரமும் இருக்கவில்லை. காக்கா தன் வாயால் ஏதோ சொல்லியிருப்பார், அதைத் தம்பி மறைத்திருக்கிறார் என்பதுதான் அவள் போட்டிருந்த கணக்கு.

வாப்பா வந்தார். கூடவே மீராமுகைதீன் வந்தார், இப்போதையைவிட மெலிந்து. காற்று ஒலிவாங்கியில் மோதியது. வாப்பா கடலைப் பார்த்தபடி பேசாமல் நடந்தார். அவர் ஒன்றும் சொல்லவில்லை. கைருன்னிஸா திரைக்குக் கிட்டப் போனாள். மீராமுகைதீனின் உதட்டோரம் மெல்ல விரிந்தது.

அப்போது திரையில் இருந்த மீராமுகைதீன் கமராவைக் கைதட்டிக் கூப்பிட்டார்.

"தம்பி, இஹ்ஸான்! இஞ்சால திருப்பு. நான் சொல்லுறது பதிவா இரிக்கட்டும். நாளைக்கு ஆரும் என்னை ஒரு சொல் சொல்லப்படாது."

கமரா திரும்பியது. முகம் திரையை நிறைத்தது. மூக்கு, மீசை, பல்லிடுக்கு எல்லாம் அச்சொட்டாக.

"காக்கா இண்டைக்கு என்ட கையில ஒப்படைச்ச வளவு இளையவள் ஹுஸ்னியாட வளவு. அவள் கலியாணம் முடிக்குமட்டும் நான் காவல். வல்லாஹி, அதில ஒரு பிடி மண்ணும் எனக்கு வேணாம்." பிறகு பக்கத்தில் திரும்பிக் கேட்டார். "நான் சொன்னது நல்லா விழுந்திச்சா, தம்பி?"

வாப்பா தம்பியின் தோளில் கைபோட்டு, தலையை மட்டும் ஆட்டினார்.



"காக்காட வாயையாக்கும் வெட்டினாரெண்டு நினைச்சன்," என்றாள் கைருன்னிஸா. "தன்ட வாயைத்தான் வெட்டியிரிக்கார்."

"நல்லா விழுந்திரிக்கி நாநா," என்றான் குணம் பின் வாங்கிலிருந்து. "ஒரு எழுத்துப் பிசகல்ல."

"அது... கடக்கரையில ஒரு பேச்சுக்குச் சொன்னது," என்றார் மீராமுகைதீன். அத்தர் மணத்துக்கு மேலால் இப்போது வியர்வை மணத்தது. "கலியாண சந்தோசத்தில மனுசன் ஆயிரம் சொல்லுவான். காக்கா மவுத்தாப் போனபிறகு நிலைமை மாறித்தானே?"

அழகரெத்தினம் செருமவில்லை. முதல் தடவையாக, செருமாமலே பேசினார். "வல்லாஹி எண்டு அல்லாஹ்மேல சத்தியம் பண்ணினது நீங்கதானே மீராமுகைதீன்?"

முறைப்பாட்டுத் தாளை அவர் முன்னால் நகர்த்தினார்.

"முறைப்பாட்டை வாபஸ் வாங்குறீங்களா, இல்ல இந்தக் கசட்டோட கோட்டுக்குப் போவமா?"

மீராமுகைதீன் சுற்றிலும் பார்த்தார். அந்த அறையில் இருந்த ஆட்களில் பாதிப்பேர் அவரிடம் ஓடு வாங்கியவர்கள். ஒருவரும் அவருடைய கண்ணைச் சந்திக்கவில்லை. "வாங்குறன்," என்றார் தரையைப் பார்த்து. கையெழுத்து வைத்தார். சாரத்தை உதறிக்கொண்டு வாசலுக்கு நடந்தார்.

கசட் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. ஹுஸ்னியா கையெழுத்தையும் பார்க்கவில்லை, சாச்சாவையும் பார்க்கவில்லை. திரையில் உம்மா வந்திருந்தாள். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, சாரியை முழங்கால்வரை உயர்த்தி, துரத்திவரும் அலைக்கு முன்னால் ஒரு சின்னப்பெண்ணைப்போல் கத்திக்கொண்டு ஓடினாள். முன்பற்களுக்கு நடுவில் ஒரு சிறிய இடைவெளி. அதை ஹுஸ்னியா மறந்துபோயிருந்தாள். அவளுடைய கை தானாக எழுந்து தன் வாயைத் தொட்டது. அவளுக்கும் அதே இடைவெளி.

"சாச்சா," என்றாள், திரும்பாமலே.

மீராமுகைதீன் வாசற்படியில் நின்றார்.

"வந்து இரிங்க."

"எனக்கு வேலை கிடக்கு புள்ள."

"இது என்ட உம்மா. அது ராத்தா. அந்தா வாப்பா. இவங்களைத்தான் நீங்க வெட்டி எறியச் சொன்னீங்க." அவள் குரல் உயரவில்லை. "வளவை விடுங்க. வந்து இரிங்க. முடியுமட்டும் பாத்துட்டுப் போங்க."

யாரும் அவரைத் தடுக்கவில்லை. குணம்கூட வாசலை மறித்து நிற்கவில்லை. சற்று ஒதுங்கி வழிதான் விட்டான். ஆனாலும் மீராமுகைதீனால் அந்தப் படியைத் தாண்ட முடியவில்லை. திரும்பி வந்து, முன் வாங்கில், ஹுஸ்னியாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

வேலை முடிந்த இடத்தில் ஒரு நிமிடமும் நிற்காதவள் கைருன்னிஸா. அவள் கைப்பையைத் தரையில் வைத்துவிட்டு ஒரு கதிரையை இழுத்துப் போட்டாள், திரைக்கு எதிராக அல்ல, மீராமுகைதீனின் முகம் தெரியும் பக்கமாக. படம் முடிய இன்னும் அரை மணித்தியாலத்துக்கு மேல் இருந்தது. அவர் எங்காவது கண்ணை மூடுகிறாரா என்று அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.